ஐக்கிய அமெரிக்காவின் முதல் சீமாட்டி

ஐக்கிய அமெரிக்காவின் முதல் சீமாட்டி என்பது அந்நாட்டுக் குடியரசுத் தலைவரின் மனைவியைக் குறிக்க வழங்கும் பெயராகும். தமிழ் நாளிதழ்கள் முதல் பெண்மணி என்றும் எழுதுவதுண்டு. குடியரசுத் தலைவரின் இல்லமும் அலுவலகமுமாகிய வெள்ளை மாளிகைக்கு வரும் விருந்தினரை இல்லத்தலைவியாக இருந்து வரவேற்று உபசரிப்பதே இவரது மிகப் பழைய பணியாகும். சமூகத் தொண்டு, தேர்தல் பரப்புரை, வெளிநாட்டுப் பயணம் என இன்று இவரோடு சேர்த்து எண்ணப்படும் பிற பணிகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை. இக்கட்டுரை அந்த விருந்தோம்பற் பணியையும் அதன் வரலாற்றையும் பற்றியது.

இப்பொறுப்புக்குத் தேர்தல் இல்லை, ஊதியமும் இல்லை. ஆயினும் யாரை விருந்துக்கு அழைப்பது, யாரை யாருக்கு அருகில் அமர்த்துவது என்னும் முடிவுகள் ஒருமுறை அமைச்சரவை கலைவதற்கும், மற்றொரு முறை மாநிலச் சட்டமன்றங்கள் கண்டனத் தீர்மானம் இயற்றுவதற்கும் காரணமாயின. வீட்டு வேலை என்று கருதப்பட்ட ஒன்று அரசுப் பணியாகவும் இருந்ததே இதற்குக் காரணம் எனலாம்.

பெயர்

முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவை மக்கள் "சீமாட்டி வாஷிங்டன்" என்று அழைத்தனர். மன்னராட்சியிலிருந்து விடுபட்ட நாட்டில் மன்னர் குடும்பத்தை நினைவூட்டும் இத்தகைய பட்டங்கள் நிலைக்கவில்லை. 1849இல் டாலி மேடிசனின் இறுதிச் சடங்கில் அப்போதைய குடியரசுத் தலைவர் சக்கரி டெய்லர் "முதல் சீமாட்டி" என்னும் தொடரைப் பயன்படுத்தினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அவ்வுரையின் எழுத்து வடிவம் எதுவும் கிடைக்கவில்லை. 1860ஆம் ஆண்டளவில் ஹாரியட் லேன் என்பவரைக் குறித்து அச்சிதழ்களில் இத்தொடர் வந்தது. இவர் குடியரசுத் தலைவரின் மனைவி அல்லர், அண்ணன் தங்கை வழி மருமகள் என்பது குறிப்பிடத்தக்கது. 1877இல் லூசி ஹேய்ஸைப் பற்றிய செய்திகளுக்குப் பிறகு இப்பெயர் நாடெங்கும் பரவியது.

சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பில் குடியரசுத் தலைவரின் வாழ்க்கைத் துணையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏறத்தாழ 190 ஆண்டுகள் இந்நிலை எந்தச் சட்டத்தாலும் மாற்றப்படவில்லை. 1978ஆம் ஆண்டு வெள்ளை மாளிகைப் பணியாளர்கள் குறித்து இயற்றப்பட்ட சட்டம், குடியரசுத் தலைவரின் கடமைகளில் அவருக்கு உதவும் வாழ்க்கைத் துணைக்குப் பணியாளர்களையும் வசதிகளையும் அரசு செலவில் வழங்கலாம் என்றது. வாழ்க்கைத் துணை இல்லையெனில், குடியரசுத் தலைவர் தம் குடும்பத்தினர் ஒருவரை அதற்குக் குறிப்பிடலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. அதாவது அவருக்கு உதவுவோருக்கு ஊதியம் உண்டு, அவருக்கு இல்லை.

1993இல் ஹிலாரி கிளின்டன் தலைமை தாங்கிய உடல்நலக் காப்பீட்டுச் சீர்திருத்தக் குழு தொடர்பான வழக்கில், அவர் அரசு அலுவலரா, வெளியாரா என்னும் கேள்வி எழுந்தது. வெளியார் எனில் குழுவின் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டியிருக்கும். கொலம்பியா மாவட்டத்துக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம், அக்குறிப்பிட்ட சட்டத்தின் நோக்கத்துக்கு முதல் சீமாட்டியை நடைமுறையில் முழுநேர அரசு அலுவலராகவே கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது.

தொடக்கக் காலம்

1789 ஏப்ரல் 30 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் நியூ யார்க் நகரில் பதவியேற்றார். மார்த்தா வாஷிங்டன் அதற்கடுத்த மாதமே அங்கு வந்து சேர்ந்தார். செவ்வாய்க்கிழமைகளில் கணவர் ஆண்களை மட்டும் சந்தித்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் மார்த்தா நடத்திய வரவேற்புகளுக்கு ஆண், பெண் இருபாலரும் வந்தனர். புதிய குடியரசில் இதற்கு முன்மாதிரி எதுவும் இல்லை. மிகுந்த ஆடம்பரம் காட்டினால் அரசவை என்பர், எளிமை மிகுந்தால் ஐரோப்பியத் தூதர்கள் மதிக்கமாட்டார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் வழி காணும் சிக்கல் பின்வந்த எல்லோருக்கும் தொடர்ந்தது. தாம் ஓர் அரசுக் கைதி போல இருப்பதாக மார்த்தா அந்த ஆண்டே உறவினருக்கு எழுதிய கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார்.

இவ்விருந்துகளுக்குப் பின்னால் உழைத்தவர்களில் பலர் அடிமைகள். பிலடெல்பியா தலைநகராக இருந்த காலத்தில் அங்கிருந்த வீட்டின் தலைமைச் சமையற்காரர் ஹெர்குலிஸ், மார்த்தாவின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ் ஆகியோர் வாஷிங்டன் குடும்பத்தின் அடிமைகளாக இருந்தனர். ஓனா ஜட்ஜ் 1796 மே மாதத்தில், குடும்பத்தினர் உணவருந்திக் கொண்டிருந்தபோது வீட்டைவிட்டு வெளியேறி நியூ ஹாம்ப்சயருக்குத் தப்பிச் சென்றார். அவரைத் திரும்பக் கொண்டுவர வாஷிங்டன் மேற்கொண்ட முயற்சிகள் பலிக்கவில்லை. அவர் 1848இல் அங்கேயே இறந்தார்.

1800 நவம்பரில் அபிகேல் ஆடம்ஸ் வெள்ளை மாளிகையில் குடியேறியபோது கட்டடம் முடிவடையவில்லை. பிற்காலத்தில் பெரும் வரவேற்புகள் நடைபெற்ற கிழக்கு அறையில் அவர் துணிகளைக் காயப்போட்டார். 1801 சனவரி 1 அன்று அங்கு நடந்த புத்தாண்டு வரவேற்பு ஒரு மரபாகியது. பொதுமக்கள் வரிசையில் நின்று குடியரசுத் தலைவருடனும் அவர் மனைவியுடனும் கைகுலுக்கும் இவ்வழக்கம் 1932 வரை நீடித்தது.

மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் மனைவியை இழந்தவர். மகள் மார்த்தா ராண்டால்பும், அரசுச் செயலர் ஜேம்ஸ் மேடிசனின் மனைவி டாலியும் தேவைப்பட்டபோது அவருக்காக விருந்தினரை வரவேற்றனர். வாராந்திர வரவேற்புகளை நிறுத்திய ஜெஃபர்சன், இருக்கை வரிசையையும் ஒழித்தார். 1803 டிசம்பரில் பிரித்தானியத் தூதர் அந்தோனி மெரி மனைவியுடன் விருந்துக்கு வந்தபோது, ஜெஃபர்சன் தூதரின் மனைவியை விடுத்து டாலி மேடிசனின் கையைப் பற்றி உணவறைக்கு அழைத்துச் சென்றார். மெரி இதனைத் தம் நாட்டுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாகக் கருதி இலண்டனுக்கு முறையிட்டார்.

டாலி மேடிசன்

1809 முதல் 1817 வரை இப்பொறுப்பில் இருந்த டாலி மேடிசனே விருந்தோம்பும் முதல் சீமாட்டி என்னும் நிலைக்கு வடிவம் கொடுத்தவராகக் கருதப்படுகிறார். ஒவ்வொரு புதன்கிழமை மாலையும் வெள்ளை மாளிகையின் கதவுகள் திறக்கப்பட்டன. எதிரெதிர்க் கட்சிகளான கூட்டாட்சிக் கட்சியினரும் குடியரசுக் கட்சியினரும் அங்கு ஒரே அறையில் நின்று பேசினர். காங்கிரசில் வாக்குகளைத் திரட்ட வேண்டிய நிலையில் இருந்த, கூச்ச இயல்புடைய மேடிசனுக்கு இது பெரிய துணையாயிற்று. கூட்டம் நெரிசலாக இருந்ததால் இம்மாலைகளுக்கே "நெரிசல்" என்று பொருள்படும் செல்லப்பெயர் ஏற்பட்டது. கட்சிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடம் வேறெதுவும் இல்லாத ஒரு சிறு நகரில், இது விருந்து மட்டுமன்று, ஓர் அரசியல் நிறுவனமும் ஆகும்.

1814 ஆகத்து 24 அன்று பிரித்தானியப் படைகள் வாஷிங்டனுக்குள் நுழைந்தன. அன்று வெள்ளை மாளிகையில் விருந்துக்கு மேசை போடப்பட்டிருந்தது. டாலி வெளியேறும் முன், கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டனின் பெரிய ஓவியத்தைக் காப்பாற்ற உத்தரவிட்டார். படைவீரர்கள் ஆயத்தமாயிருந்த உணவை உண்டபின் மாளிகைக்குத் தீ வைத்தனர். டாலியே ஓவியத்தை வெட்டி எடுத்தார் என்னும் கதை நெடுங்காலம் பள்ளிப் பாடங்களில் வழங்கியது. அன்று மேசை போட்டவர் பால் ஜென்னிங்ஸ் என்னும் 15 வயது அடிமைச் சிறுவர். அவர் 1865இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில், ஓவியத்தை இறக்கியவர்கள் வாயிற்காவலரும் தோட்டக்காரருமே என்று எழுதினார்.

ஜென்னிங்ஸின் பிற்கால வாழ்க்கையும் இங்கு சொல்லத்தக்கது. கணவர் இறந்தபின் வறுமையுற்ற டாலி, 1846இல் அவரை விற்றுவிட்டார். அடுத்த ஆண்டு செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் 120 டாலர் கொடுத்து அவரை மீட்டார். அத்தொகையை மாதம் 8 டாலர் வீதம் வேலை செய்து கழிப்பது என்பது ஏற்பாடு. இவ்வாறு விடுதலை பெற்ற ஜென்னிங்ஸ், முன்னாள் எசமானி உணவுக்கே இடர்ப்பட்டபோது தம் கையிலிருந்து சிறு தொகைகளை அவருக்குக் கொடுத்து வந்ததாகத் தம் குறிப்பில் கூறுகிறார்.

மனைவியர் அல்லாத விருந்தோம்புநர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பொறுப்பை வகித்தவர்களில் பலர் குடியரசுத் தலைவரின் மனைவியர் அல்லர். மனைவியை இழந்தவர்கள், மணமாகாதவர், மனைவி நோயுற்றவர்கள் எனப் பலருக்கு உறவுப் பெண்கள் இப்பணியைச் செய்தனர். மார்ட்டின் வான் பியூரனுக்கு மருமகள் ஆஞ்சலிக்கா, ஜான் டைலருக்கு முதலில் முன்னாள் நடிகையான மருமகள் பிரிசில்லா, செஸ்டர் ஆர்தருக்குத் தங்கை மேரி மெக்கெல்ராய் ஆகியோர் விருந்தோம்பினர். குரோவர் கிளீவ்லாந்துக்காகத் தங்கை ரோஸ் 1886 சூன் வரை விருந்தினரை வரவேற்றார். அம்மாதம் கிளீவ்லாந்து 21 வயதான பிரான்செஸ் ஃபோல்சமை வெள்ளை மாளிகையிலேயே மணந்தார். பிரான்செஸ், வார நாட்களில் வேலைக்குச் செல்லும் பெண்களும் வரவேண்டும் என்று சனிக்கிழமைகளில் வரவேற்பு நடத்தினார்.

மணமாகாத ஒரே குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் பியூக்கானனுக்காக 1857 முதல் 1861 வரை இப்பொறுப்பை ஏற்றவர் மேலே குறிப்பிட்ட ஹாரியட் லேன். வட மாநிலத்தவரும் தென் மாநிலத்தவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவும் விரும்பாத அவ்வாண்டுகளில், பகைவர்கள் அருகருகே அமராமலும் அதே வேளையில் எவருடைய முன்னுரிமையும் குறையாமலும் இருக்கைகளை அமைப்பது அவருடைய தலையாய வேலையாக இருந்தது. உள்நாட்டுப் போரை எந்த மேசையும் தடுத்திருக்க முடியாது என்பது வேறு.

இன்று மனைவி என்னும் உறவும் இப்பொறுப்பும் ஒன்றெனத் தோன்றினாலும், நெடுங்காலம் தேவைப்பட்டது மனைவி அன்று, மேசையின் மறுமுனையில் அமர ஒரு பெண்ணே என்பதை இப்பட்டியல் காட்டுகிறது. அண்மைக் காலத்திலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1974இல் பெட்டி ஃபோர்ட் மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை மருத்துவத்திலிருந்து தேறிவந்தபோது, 17 வயது மகள் சூசன் வெளிநாட்டுத் தூதர்களுக்கான வரவேற்பில் தாயின் இடத்தில் நின்றார்.

ஈட்டன் விவகாரம்

வீட்டுக்குச் சென்று பார்ப்பதும், பதிலுக்கு வந்து பார்ப்பதும் அக்கால வாஷிங்டன் சமூகத்தின் அடிப்படை வழக்கங்கள். ஒரு பெண்ணைப் பார்க்கச் செல்லாமல் இருப்பது அவரைச் சமூகத்திலிருந்து விலக்குவதற்கு ஒப்பாகும். 1829இல் ஆண்ட்ரூ ஜாக்சன் பதவியேற்றபோது இது நாட்டின் ஆட்சியையே பாதித்தது.

போர்ச் செயலர் ஜான் ஈட்டன் 1829 சனவரி 1 அன்று மார்கரெட் என்பவரை மணந்தார். கடற்படையில் பணிபுரிந்த மார்கரெட்டின் முதற்கணவர் இறந்து ஓராண்டும் ஆகவில்லை. இருவருக்கும் முன்பே தொடர்பு இருந்தது என்று வதந்தி பரவியது. துணைக் குடியரசுத் தலைவர் ஜான் கால்கூனின் மனைவி ஃபுளோரைடும் அமைச்சர்களின் மனைவியர் சிலரும் மார்கரெட்டைப் பார்க்க மறுத்தனர். ஜாக்சனின் மனைவி ரேச்சல் முந்தைய டிசம்பரில்தான் இறந்திருந்தார். தம் திருமணத்தைப் பற்றித் தேர்தலில் எதிரிகள் பரப்பிய பழிச்சொற்களே மனைவியைக் கொன்றன என்று நம்பிய ஜாக்சன், மார்கரெட்டிலும் அதே அநீதியைக் கண்டார்.

ஆனால் அவருடைய இல்லத்திலேயே அவர் சொல் எடுபடவில்லை. வெள்ளை மாளிகையில் விருந்தோம்பும் பொறுப்பிலிருந்தவர் ரேச்சலின் உடன்பிறந்தார் மகனுடைய மனைவியான எமிலி டொனல்சன். இருபத்திரண்டு வயதும் நிரம்பாத எமிலி, மார்கரெட்டை மாளிகைக்கு வந்தால் மரியாதையுடன் வரவேற்பதாகவும், அவர் வீட்டுக்குச் செல்வதில்லை என்றும் உறுதியாக இருந்தார். 1830இல் எமிலி டென்னசிக்குத் திரும்ப நேர்ந்தது. 1831 வசந்த காலத்தில் ஈட்டனும் அரசுச் செயலர் வான் பியூரனும் பதவி விலகினர், பிறரையும் ஜாக்சன் விலகச் செய்தார். அஞ்சல் துறைத் தலைவர் தவிர அமைச்சரவை முழுதும் மாறியது. மனைவியை இழந்தவராதலால் எவருடைய தடையுமின்றி மார்கரெட்டிடம் மரியாதை காட்ட முடிந்த வான் பியூரன், அடுத்த தேர்தலில் துணைக் குடியரசுத் தலைவராகவும் பின்னர் குடியரசுத் தலைவராகவும் ஆனார். ஜாக்சனின் வழித்தோன்றல் என எண்ணப்பட்ட கால்கூனுக்கு அவ்வாய்ப்பு திரும்பக் கிட்டவில்லை. வரி விதிப்பு பற்றிய பெரிய கருத்து வேறுபாடுகளும் இதில் பங்கு வகித்தன. எனினும் பிளவு வெளிப்படையானது வரவேற்பறையில்தான்.

செலவும் மதுவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருந்துச் செலவின் பெரும்பகுதியைக் குடியரசுத் தலைவர் தம் ஊதியத்திலிருந்தே ஈடுகட்டினார். 1789 முதல் 1873 வரை அவ்வூதியம் ஆண்டுக்கு 25,000 டாலராக இருந்தது. மாளிகையின் தளவாடங்களுக்குக் காங்கிரசு தனியே பணம் ஒதுக்கியது. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் மேரி லிங்கன் 20,000 டாலர் ஒதுக்கீட்டைத் தாண்டிச் செலவிட்டு, கணவரின் சினத்துக்கு ஆளானார். வீரர்களுக்குப் போர்வை இல்லாத காலத்தில் மாளிகைக்குத் திரைச்சீலையா என்பது அன்றைய விமர்சனம். ஆனால் பாழடைந்த மாளிகையில் வெளிநாட்டுத் தூதர்களை வரவேற்றிருந்தால், அரசு நிலைகுலைந்தது என்று அவர்கள் எழுதியிருப்பார்கள்.

120 ஆண்டுகளுக்குப் பிறகும் இதே வாதம் கேட்டது. 1981இல் நான்சி ரேகனின் ஏற்பாட்டில் வாங்கப்பட்ட 4,370 பீங்கான் கலங்களின் விலை 209,508 டாலர். அது ஓர் அறக்கட்டளையின் நன்கொடை, அரசுப் பணம் அன்று. ஆயினும் பள்ளி மதிய உணவில் தக்காளிச் சுவைச்சாறைக் காய்கறியாகக் கணக்கிட இடமளிக்கும் முன்மொழிவு அதே செப்டம்பர் மாதத்தில் வந்ததால் கண்டனம் எழுந்தது.

மது மற்றொரு சிக்கல். 1845 முதல் 1849 வரை சாரா போக் நடனத்தையும் கடும் மது வகைகளையும் நிறுத்தினார், திராட்சை மதுவை மட்டும் விட்டுவைத்தார். 1877இல் ருசியக் கோமகன்களுக்கு அளித்த விருந்தில் மது பரிமாறியபின், ஹேய்ஸ் தம்பதியர் அதனை முற்றிலும் நிறுத்தினர். இதனால் லூசி ஹேய்ஸுக்கு எலுமிச்சைச் சாறோடு சேர்த்து ஒரு கேலிப்பெயர் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

1929ஆம் ஆண்டுத் தேநீர் விருந்து

காங்கிரசு உறுப்பினர்களின் மனைவியருக்கு முதல் சீமாட்டி தேநீர் விருந்தளிப்பது வழக்கமான ஒன்று. 1928இல் சிகாகோவிலிருந்து ஆஸ்கார் டி பிரீஸ்ட் என்னும் ஆப்பிரிக்க அமெரிக்கர் கீழவைக்குத் தேர்வானார். 1901க்குப் பிறகு காங்கிரசில் கறுப்பின உறுப்பினர் எவரும் இருந்ததில்லை. எனவே அவருடைய மனைவி ஜெஸ்ஸியை அழைப்பதா என்பது லூ ஹூவரின் முன் நின்ற கேள்வி.

1901இல் தியோடோர் ரோசவெல்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனுடன் மாளிகையில் உணவருந்தியதற்குத் தென் மாநிலங்களில் எழுந்த கொந்தளிப்பு மறக்கப்படவில்லை. லூ ஹூவர் அழைக்காமல் விடவில்லை. விருந்தைப் பல நாட்களுக்குப் பிரித்தார். இறுதியான சிறு விருந்துக்கு, ஜெஸ்ஸியுடன் அமர மறுக்கமாட்டார்கள் என்று முன்கூட்டியே அறியப்பட்ட பெண்கள் மட்டும் அழைக்கப்பட்டனர். 1929 சூன் 12 அன்று நடந்த அவ்விருந்து அமைதியாக முடிந்தது. செய்தி வெளியானபின் டெக்சாஸ் உள்ளிட்ட தென் மாநிலங்கள் சிலவற்றின் சட்டமன்றங்கள் கண்டனத் தீர்மானம் இயற்றின. தென் மாநில இதழ்கள் முதல் சீமாட்டியைத் தாக்கி எழுதின. அவர் பதில் எதுவும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. விருந்தினர் ஒருவரை அவமதிப்பிலிருந்து காத்தார் என்றும், பிரிவினையை உடைக்காமல் சுற்றிச் சென்றார் என்றும் இந்நிகழ்வை இருவகையாகவும் காணலாம்.

அவருக்குப் பின்வந்த எலினோர் ரோசவெல்ட் வெளிப்படையான வழியை மேற்கொண்டார். 1939இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு அரங்கு தர மறுத்த அமைப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு சூன் மாதத்தில் பிரித்தானிய மன்னர் ஆறாம் ஜார்ஜும் அரசியும் வந்தபோது ஆண்டர்சன் வெள்ளை மாளிகையில் அவர்கள்முன் பாடினார். சில நாட்களில் ஹைட் பார்க் இல்லத்தில் அரச தம்பதியருக்குத் தெருவோர உணவான ஹாட் டாக் அளிக்கப்பட்டது. ஐரோப்பாவில் போர் நெருங்கியிருந்த வேளையில், பிரித்தானியா மீது அமெரிக்க மக்களுக்கு நெருக்கம் ஏற்பட இந்த எளிய உணவு உதவியது. பெண் செய்தியாளர்களுக்கு மட்டுமான செய்தியாளர் கூட்டங்களை எலினோர் 1933 முதல் 1945 வரை 348 முறை நடத்தினார். மாளிகையின் அன்றாடச் சமையல் மட்டும் சுவையற்றது என்று விருந்தினரிடையே பெயர் பெற்றிருந்தது.

கென்னடி காலமும் பின்னும்

1961இல் ஜாக்குலின் கென்னடி, நீண்ட மேசைக்குப் பதில் வட்ட மேசைகளை இட்டு, பிரெஞ்சுச் சமையற்கலைஞர் ரெனே வெர்டானை அமர்த்தினார். அவ்வாண்டு சூலையில் பாகித்தான் தலைவர் அயூப் கானுக்கான விருந்து, விருந்தினரைப் படகுகளில் ஏற்றிச் சென்று வாஷிங்டனின் பழைய இல்லமான மவுண்ட் வெர்னனில் அளிக்கப்பட்டது. 1962 ஏப்ரலில் நோபல் பரிசாளர்களுக்கு விருந்து நடந்தது.

1968 சனவரி 18 அன்று லேடி பேர்ட் ஜான்சன் ஏறத்தாழ 50 பெண்களுக்கு மதிய விருந்தளித்தார். தெருக்களில் குற்றங்களைக் குறைப்பது பற்றிப் பேசுவது அதன் நோக்கம். பாடகி எர்தா கிட் எழுந்து, இளைஞர்களின் சீற்றத்துக்கு வியட்நாம் போரே காரணம் என்று முதல் சீமாட்டியின் முகத்துக்கு நேரே கூறினார். விருந்தினர் விருந்தளிப்பவரைக் குறைகூறலாகாது என்னும் மரபு மீறப்பட்டதாகச் செய்திகள் பெரிதுபடுத்தின. அதன்பின் கிட்டுக்கு உள்நாட்டில் வாய்ப்புகள் அருகின, அவர் பல ஆண்டுகள் வெளிநாடுகளில் பாடிப் பிழைத்தார். நடுவண் உளவு முகமை அவரைப் பற்றி அறிக்கை தொகுத்திருந்தது 1975இல் தெரியவந்தது. 1978இல் ஜிம்மி கார்ட்டரின் அழைப்பில் அவர் மீண்டும் வெள்ளை மாளிகைக்கு வந்தார். கருத்துக் கேட்பதற்கென்று அழைத்த ஒரு விருந்தில் கருத்துச் சொன்னதே அவர் செய்த பிழையாகக் கொள்ளப்பட்டது.

அரசு விருந்து நடைபெறும் முறை

வெளிநாட்டு அரசத் தலைவர் ஒருவர் அரசுமுறைப் பயணமாக வரும்போது அளிக்கப்படுவது அரசு விருந்து எனப்படும். 1874இல் ஹவாய் மன்னர் கலாகாவுவாவுக்கு யுலிசீஸ் கிராண்ட் அளித்த விருந்து, ஆட்சியிலிருக்கும் மன்னர் ஒருவருக்கு அங்கு அளிக்கப்பட்ட முதல் விருந்தாகும். இவ்விருந்துகளின் செலவை இக்காலத்தில் அரசுத் துறை ஏற்கிறது. குடும்பத்தின் அன்றாட உணவுக்கான செலவு குடியரசுத் தலைவரையே சாரும்.

வேலையின் மையம் சமூகச் செயலர் எனப்படும் அலுவலர். 1901இல் ஈடித் ரோசவெல்ட் காலத்தில் இசபெல்லா ஹாக்னர் அரசு ஊதியத்துடன் முதன்முதலாக இப்பணியில் அமர்ந்தார். விருந்தினர் பட்டியலில் வெளியுறவு அலுவலர்கள், காங்கிரசுத் தலைவர்கள், நன்கொடையாளர்கள், கலைஞர்கள் என ஒவ்வொரு தரப்பினரும் தத்தம் பெயர்களைச் சேர்க்க முயல்வர். உணவுப் பட்டியலை முதல் சீமாட்டி முன்கூட்டியே சுவைத்துப் பார்த்து முடிவு செய்வார். வருபவரின் சமயம், உணவு விலக்குகள் ஆகியன கேட்டறியப்படும். பெயர் அட்டைகளை எழுத்தணிக் கலைஞர்கள் உருவாக்குவர். முன்னுரிமை வரிசைப்படி இருக்கைகள் அமையும். இவ்வரிசை மீறப்பட்டதும் உண்டு. வலிப்பு நோயுடைய ஐடா மெக்கின்லியை அவருடைய கணவர் விருந்துகளில் தம் அருகிலேயே அமர்த்திக்கொண்டார்.

இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்குக்கு 2009 நவம்பர் 24 அன்று அளிக்கப்பட்ட விருந்து பராக் ஒபாமா, மிச்செல் ஒபாமா ஆகியோரின் முதல் அரசு விருந்தாகும். 300க்கும் மேற்பட்டோருக்குத் தெற்குப் புல்வெளியில் கூடாரம் அமைக்கப்பட்டது. மாளிகைத் தோட்டத்துக் கீரைகளும் பருப்பு வடிசாறும் இடம்பெற்றன. அழைப்பில்லாத தம்பதியர் ஒருவர் பாதுகாப்பைக் கடந்து உள்ளே வந்து குடியரசுத் தலைவருடன் கைகுலுக்கிச் சென்றது பின்னர் தெரியவந்தது. முன்பெல்லாம் சமூகச் செயலரின் பணியாளர் ஒருவர் பட்டியலுடன் வாயிலில் நிற்பது வழக்கம், அன்று அவ்வாறு எவரும் நிற்கவில்லை. சமூகச் செயலர் டெசிரே ரோஜர்ஸ் சில மாதங்களில் பதவி விலகினார். 2023 சூன் 22 அன்று ஜில் பைடன் நரேந்திர மோடிக்கு அளித்த விருந்தில் சிறுதானியக் கலவை பரிமாறப்பட்டது. அது ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த சிறுதானிய ஆண்டாகும். ஜில் பைடன் இப்பொறுப்பில் இருந்துகொண்டே கல்லூரியில் ஊதியம் பெறும் ஆசிரியராகவும் பணியாற்றிய முதலாமவர்.

ஆண் ஒருவர் இதுவரை இப்பொறுப்பை வகித்ததில்லை. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகளான கமலா ஹாரிஸ் 2021 முதல் 2025 வரை துணைக் குடியரசுத் தலைவராக இருந்தபோது, அவருடைய கணவர் டக் எம்ஹாஃப் அந்நிலையில் முதல் ஆணாக இருந்தார். 2024 தேர்தலில் ஹாரிஸ் வென்றிருந்தால் "முதல் சீமாட்டி" என்னும் பெயருக்கு மாற்றுத் தேட வேண்டியிருந்திருக்கும்.

கிழக்குப் பகுதி

வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதி குடியரசுத் தலைவரின் அலுவலகத்தையும், கிழக்குப் பகுதி முதல் சீமாட்டியின் அலுவலகத்தையும் குறிக்கும் சொற்களாக வழங்கின. கிழக்குப் பகுதி 1942இல் விரிவாக்கப்பட்டது. 1977இல் அங்குத் தமக்கென அலுவலகம் அமைத்துக்கொண்ட முதல் சீமாட்டி ரோசலின் கார்ட்டர். சமூகச் செயலரும் எழுத்தணிக் கலைஞர்களும் அங்கிருந்தே பணிபுரிந்தனர். ஹிலாரி கிளின்டன் மேற்குப் பகுதியிலும் ஓர் அறை பெற்றபோது அது பெரும் விவாதமாயிற்று.

அரசு உணவறையில் ஏறத்தாழ 140 பேர் மட்டுமே அமர முடியும் என்பதால் பெரிய விருந்துகளுக்குக் கூடாரம் தேவைப்பட்டு வந்தது. இதனைக் காரணம் காட்டி, டோனால்ட் டிரம்ப் அரசு 2025 சூலையில் 650 பேர் அமரத்தக்க பெரிய விருந்து மண்டபம் ஒன்றைக் கட்டும் திட்டத்தை அறிவித்தது. அதற்கு இடமளிக்க 2025 அக்டோபரில் கிழக்குப் பகுதி முழுதும் இடிக்கப்பட்டது. முதல் சீமாட்டியின் பணியாளர்களது அலுவலகங்கள் அதற்கு முன்பே வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன.